இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது, டெஸ்ட் மட்டும் இல்லை என்கிறது: ஜாவா ஈக்வல்ஸ் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஜாவாவில் இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள்: ==, ஈக்வல்ஸ், ஹேஷ்கோட், கம்பேர்டூ. எந்த இடத்தில் யார் பதில் சொல்கிறார்கள் என்பது நீங்கள் எழுதிய வரியைப் பார்த்தால் எப்போதும் தெரியாது. அதனால் ஒரு டெஸ்ட் விழுந்ததும் "ஏன் சமமில்லை?" என்று தேடுவதற்கு முன்னால், "சமமில்லை என்று சொன்னது யார்?" என்று கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு ஒரு எளிய வழி. உங்கள் கிளாஸின் ஈக்வல்ஸ் மெத்தடில் முதல் வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து, விழுகிற டெஸ்டை டீபக்கில் ஓட்டுங்கள். அங்கே வந்து நின்று, கடைசியில் ஃபால்ஸ் திரும்பினால் கோளாறு ஏதோ ஒரு ஃபீல்டில் இருக்கிறது. வரிவரியாகப் போனால் மாட்டிவிடும். நிற்கவே இல்லை என்றால் ஈக்வல்ஸை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் பயனில்லை, ஏனென்றால் அதை யாரும் கூப்பிடவே இல்லை. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான்.

இன்னொன்று. டெஸ்டில் அசர்ட்ட்ரூ போட்டு அதற்குள் ஈக்வல்ஸை அழைத்திருந்தால், அதை அசர்ட்ஈக்வல்ஸாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். முன்னது விழுந்தால் "ட்ரூ எதிர்பார்த்தேன், ஃபால்ஸ் வந்தது" என்று மட்டும் சொல்லும். பின்னது இரண்டு பக்க மதிப்பையும் காட்டும்.

அறிகுறி: சின்ன எண்ணுக்குப் பாஸ், பெரிய எண்ணுக்கு ஃபெயில்

100 கொடுத்தால் சரி, 1000 கொடுத்தால் தவறு. இதைப் பார்த்ததும் == எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இன்டிஜர் ஆப்ஜெக்ட்டுகளில் −128 முதல் 127 வரையான மதிப்புகளை ஜாவா முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. இன்ட் மதிப்பு தானாக இன்டிஜராக மாறும்போது அந்த வரம்புக்குள் இருந்தால் எல்லோருக்கும் அதே ஆப்ஜெக்ட் கிடைக்கும்; == ட்ரூ சொல்லும். 128க்கு வழக்கமாகப் புது ஆப்ஜெக்ட் பிறக்கும்; == இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று மட்டுமே பார்ப்பதால் ஃபால்ஸ்.

டெஸ்ட் எழுதும்போது நம் கை தானாக 1, 2, 3 என்றுதான் அடிக்கும். அதனால் இந்தப் பிழை டெஸ்டில் சிக்காமல், ஐடி எண்கள் பெரிதாகிவிட்ட லைவ் சர்வரில்தான் தலைகாட்டும். ஐடி வருகிற டெஸ்டுகளில் வேண்டுமென்றே நான்கு இலக்க எண் போடுங்கள். லாங் வகைக்கும் இதே கதைதான்.

அறிகுறி: கோடில் எழுதிய ஸ்ட்ரிங் சரி, ஃபைலில் இருந்து வந்தது தவறு

இதுவும் == வேலைதான். மேற்கோள் குறிக்குள் எழுதும் ஸ்ட்ரிங்குகளை ஜாவா ஒரே இடத்தில் பகிர்ந்து வைப்பதால் == தற்செயலாக வேலை செய்கிறது. ஃபைல், டேட்டாபேஸ், யூசர் உள்ளீடு இவற்றில் இருந்து வருபவை தனி ஆப்ஜெக்ட்டுகள். ஈக்வல்ஸுக்கு மாற்றுங்கள். இடப்பக்கம் நல் (null, ஆப்ஜெக்ட்டே இல்லாத நிலை) வர வாய்ப்பிருந்தால் ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸில் உள்ள ஈக்வல்ஸைக் கூப்பிடுங்கள். ஜாவா 7 முதல் இருக்கிறது, நல் வந்தாலும் உடையாது.

அறிகுறி: ஃபெயில் செய்தியில் இரண்டு பக்கமும் அதே எழுத்து

எதிர்பார்த்தது 1, கிடைத்தது 1, ஆனால் ஃபெயில். முதலில் செய்தியை முழுதாகப் படியுங்கள். இரண்டு பக்கத்தையும் எழுத்தாக மாற்றினால் ஒரே மாதிரி வருகிறது என்று தெரிந்தால், டெஸ்டுகளை ஓட்டும் ஜேயூனிட் லைப்ரரி கிளாஸ் பெயரையும் சேர்த்து அச்சிடும். ஒரு பக்கம் இன்டிஜர், மறுபக்கம் லாங் என்று இருந்தால் விஷயம் முடிந்தது. இன்டிஜர் 1 ஒருபோதும் லாங் 1க்குச் சமமாகாது.

இது அடிக்கடி வரும் இடம் ஜேசன் (JSON) வடிவ டேட்டா. வகை சொல்லாமல் மேப்பாகப் படிக்கச் சொன்னால், ஜாக்சன் லைப்ரரி சின்ன முழு எண்ணை இன்டிஜராகவும், அதில் அடங்காததை லாங்காகவும் தரும். நீங்கள் எதிர்பார்ப்பில் லாங் வைத்திருந்தால் சின்ன எண்ணுக்கு ஃபெயில், பெரிய எண்ணுக்குப் பாஸ். மேலே சொன்ன அறிகுறிக்கு நேர் தலைகீழ். இன்னொரு இடம், சாவி லாங்காக உள்ள மேப்பில் கெட் போட்டு வெறும் 1 கொடுப்பது. கெட் எந்த ஆப்ஜெக்ட்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதால் கம்பைலர் வாய் திறக்காது; பதில் நல். எண்ணுக்குப் பின்னால் லாங் என்று காட்டும் எழுத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

கிளாஸும் ஒன்றே, அதுவும் ஸ்ட்ரிங், திரையில் எழுத்துக்கு எழுத்து அதே. அப்போது? தமிழ் டேட்டாவோடு வேலை செய்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். "கொடைக்கானல்" என்ற சொல்லை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். முதல் எழுத்தான கொ, க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாக இருக்கலாம். அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக இருக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடானவை, திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் ஸ்ட்ரிங்கின் ஈக்வல்ஸ் குறியீடுகளைத்தான் ஒவ்வொன்றாக ஒப்பிடும். யூனிகோடு ஈடு என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. லெங்த் கேட்டுப் பாருங்கள்: முதல் வடிவத்தில் 11, இரண்டாவதில் 12. ஒ, ஓ, ஔ ஏறிய எல்லா உயிர்மெய்களிலும் இது நடக்கும். கை, கே போன்றவற்றில் நடக்காது. அதனால்தான் "மதுரை" எப்போதும் பாஸாகி "கோவை" மட்டும் சில நேரம் விழுகிறது என்கிற விசித்திரமான புகார் வருகிறது.

தீர்வு, ஈடான வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசர் கிளாஸ். ஜாவா 6 முதலே கூடவே வருகிறது. உள்ளே வரும் எல்லாத் தமிழ் ஸ்ட்ரிங்கையும் வாசலிலேயே என்எஃப்சி (NFC, பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து வைக்கும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒப்பிடும் இடத்தில் மாற்றலாம் என்று விட்டால் எங்காவது ஒரு மேப்பின் சாவியில் மறந்துபோகும். டெஸ்டிலும் ஒரு ஸ்ட்ரிங்கைப் பிரிந்த வடிவத்தில், யூனிகோடு எண்களாகவே எழுதிச் சோதியுங்கள். எடிட்டரில் கையால் அடித்தால் எந்த வடிவம் விழுகிறது என்பது உங்கள் கீபோர்டு மென்பொருளைப் பொறுத்தது.

என்எஃப்சி போட்டும் லெங்த் ஒத்துப்போகவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளைச் சந்தேகியுங்கள். இணையப் பக்கங்களில் இருந்து நகலெடுத்த உரையில் அகலமில்லாத இணைப்பிகளும் உடையாத வெற்றிடமும் ஒட்டிக்கொண்டு வரும். ட்ரிம் அந்த வெற்றிடத்தை நீக்காது. ஜாவா 11இல் வந்த ஸ்ட்ரிப்பும் நீக்காது. ஒவ்வொரு குறியீட்டின் எண்ணையும் வரிசையாக அச்சிட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

அறிகுறி: அசர்ட்ஈக்வல்ஸ் பாஸ், ஹேஷ்செட்டில் தேடினால் இல்லை

மாணவர் என்று ஒரு கிளாஸ். வரிசை எண், பெயர் என இரண்டு ஃபீல்ட். ஈக்வல்ஸ் எழுதிவிட்டீர்கள், அது சரியாகவே வேலை செய்கிறது. ஒரு மாணவரை ஹேஷ்செட்டில் போட்டு, அதே விவரங்களோடு இன்னொரு மாணவரை உருவாக்கிக் கன்டெயின்ஸ் கேட்டால் ஃபால்ஸ். ஈக்வல்ஸில் வைத்த பிரேக்பாயின்ட்டில் நிற்கவே இல்லை.

ஹேஷ்கோடை எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஏன் ஈக்வல்ஸ் வரை போகவே இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் அடுத்த அறிகுறிக்கும் விடை கிடைத்துவிடும். தபால் பிரிக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் முதலில் பின்கோடு பார்த்து அறைக்குப் போகும். கதவு எண்ணை அப்புறம்தான் பார்ப்பார்கள். ஹேஷ்கோடு பின்கோடு, ஈக்வல்ஸ் கதவு எண். ஹேஷ்மேப் தொடக்கத்தில் 16 அறைகளோடு இருக்கும். ஹேஷ்செட்டுக்கு உள்ளே இருப்பதும் ஒரு ஹேஷ்மேப்தான். நீங்கள் ஹேஷ்கோடு எழுதாவிட்டால் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் அதன் சொந்த அடையாளத்தை வைத்து ஒரு எண் கிடைக்கும். ஒரே விவரம் கொண்ட இரண்டு மாணவர்களுக்கு வெவ்வேறு எண், ஆகவே பெரும்பாலும் வெவ்வேறு அறை. அதிர்ஷ்டவசமாக ஒரே அறையில் விழுந்தாலும் தப்பமுடியாது. ஹேஷ்மேப் முதலில் முழு ஹேஷ் எண்ணையும் ஒப்பிடும், அது ஒத்தால்தான் ஈக்வல்ஸைக் கூப்பிடும்.

திருத்தம் எளிது: ஈக்வல்ஸில் பயன்படுத்திய அதே ஃபீல்டுகளை ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸின் ஹேஷ் மெத்தடுக்குக் கொடுங்கள். ஈக்வல்ஸில் இல்லாத ஃபீல்ட் ஒன்று ஹேஷ்கோடில் இருந்தாலும் இதே பிழை வரும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைச் சோதிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. செட்டில் போட்ட அதே ஆப்ஜெக்ட்டை வைத்துக் கன்டெயின்ஸ் கேட்டால், ஹேஷ்கோடே எழுதாவிட்டாலும் பாஸாகும். ஒரே ஆப்ஜெக்ட் என்றால் ஹேஷும் ஒன்று; ஹேஷ்மேப் ஈக்வல்ஸுக்கு முன்னால் == பார்ப்பதால் அங்கேயே ட்ரூ. டெஸ்டில் எப்போதும் நியூ போட்டு இரண்டாவது ஒன்றை உருவாக்கித் தேடுங்கள்.

அறிகுறி: முன்பு இருந்தது, இப்போது காணவில்லை, ஆனால் லூப்பில் வருகிறது

கன்டெயின்ஸ் ஃபால்ஸ், ரிமூவ் போட்டாலும் போகவில்லை, ஆனால் ஃபார் லூப்பில் ஓட்டினால் அந்த மாணவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். செட்டில் போட்ட பிறகு யாரோ அவருடைய பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஹேஷ்கோடு இப்போது வேறு எண் சொல்கிறது. தேடல் வேறு அறைக்குப் போகிறது. லூப்புக்கு ஹேஷ் தேவையில்லை, அது எல்லா அறையையும் சுற்றிவரும்.

உறுதிப்படுத்த ஒரு வரி போதும். அந்தச் செட்டைக் கொடுத்துப் புதிதாக இன்னொரு ஹேஷ்செட் உருவாக்கி, அதில் கன்டெயின்ஸ் கேளுங்கள். புதியதில் ட்ரூ, பழையதில் ஃபால்ஸ் என்றால் இதுதான் நோய். புதியதை உருவாக்கும்போது ஹேஷ் மறுபடி கணக்கிடப்படும். பழைய செட் தானாகப் பெரிதாகும்போது சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்போது ஏற்கனவே குறித்து வைத்த பழைய ஹேஷ் எண்ணையே அது பயன்படுத்துகிறது.

டேட்டாபேஸ் வரிகளை ஆப்ஜெக்ட்டுகளாக்கித் தரும் ஹைபர்நேட் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது இன்னும் தந்திரமாக வரும். டேட்டாபேஸ் தரும் ஐடியை வைத்து ஹேஷ்கோடு எழுதியிருப்பீர்கள். சேமிப்பதற்கு முன்னால் ஐடி நல். செட்டில் போடுகிறீர்கள், அப்புறம் சேமிக்கிறீர்கள், ஐடி வருகிறது, ஹேஷ் மாறுகிறது. கோடில் எங்கேயும் நீங்கள் செட்டர் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். மாறாத ஒரு இயல்பான அடையாளம், உதாரணமாகப் பதிவு எண், இருந்தால் அதன்மேல் எழுதுங்கள். புதிய கோடு எழுதும்போது ஃபீல்டுகளை ஃபைனலாக்குவது என் முதல் தேர்வு. ஜாவா 16இல் நிலைத்துவிட்ட ரெக்கார்டு அதை இலவசமாகவே தருகிறது.

அறிகுறி: நேரடியாகக் கூப்பிட்டால் ட்ரூ, லிஸ்ட்டில் தேடினால் ஃபால்ஸ்

ஈக்வல்ஸின் பராமீட்டரைப் பாருங்கள். ஆப்ஜெக்ட் என்று இருக்க வேண்டிய இடத்தில் மாணவர் என்று இருக்கும். அது ஓவர்ரைடு (மேல் கிளாஸின் மெத்தடை மாற்றி எழுதுவது) இல்லை, ஓவர்லோடு (அதே பெயரில், வேறு பராமீட்டரோடு இன்னொரு மெத்தட்). நீங்கள் மாணவர் வகை மாறியோடு கூப்பிடும்போது கம்பைலர் உங்களுடையதைத் தேர்ந்தெடுக்கும். லிஸ்ட்டும் அசர்ட்ஈக்வல்ஸும் ஆப்ஜெக்ட் என்றுதான் பார்க்கும், அதனால் அடிப்படை ஈக்வல்ஸுக்குப் போய்விடும். மெத்தடின் தலைக்கு மேலே @ஓவர்ரைடு எழுதினால் கம்பைலரே பிடித்துக் கொடுத்துவிடும்.

அறிகுறி: இடம் வலம் மாற்றினால் முடிவு மாறுகிறது

அசர்ட்ஈக்வல்ஸில் எதிர்பார்ப்பையும் விடையையும் மாற்றிப் போட்டதும் பாஸாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டு கமிட் செய்துவிடாதீர்கள். முதல் பக்கத்தின் ஈக்வல்ஸ்தான் கூப்பிடப்படுகிறது. இரண்டு பக்கமும் வெவ்வேறு கிளாஸ், ஒன்று மற்றதை ஏற்கிறது, மற்றது இதை ஏற்கவில்லை என்று பொருள்.

இதற்கு ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே பேர்போன உதாரணம் உண்டு. பழைய டேட் கிளாஸ், அதன் சப்கிளாஸான டேட்டாபேஸ் டைம்ஸ்டாம்ப். மில்லிசெகண்ட் ஒத்துப்போனால் டேட், டைம்ஸ்டாம்பைச் சமம் என்கிறது. டைம்ஸ்டாம்ப் அல்லாத எதையும் டைம்ஸ்டாம்ப் ஒருபோதும் சமம் என்று சொல்லாது. அதன் ஆவணமே இதை ஒத்துக்கொள்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டிய நிலை வந்தால் இன்ஸ்டன்ட்டாக மாற்றி ஒப்பிடுங்கள்.

உங்கள் சொந்தக் கிளாஸ்களில் என்றால், அப்பா கிளாஸ் இன்ஸ்டன்ஸ்ஆஃப் பார்த்து எழுதியிருக்கும், பிள்ளை கிளாஸ் கூடுதல் ஃபீல்டையும் ஒப்பிடும். கெட்கிளாஸ் வைத்து ஒப்பிட்டால் இது தீரும். ஆனால் ஹைபர்நேட் ப்ராக்ஸி (அசல் ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாக நிற்கும் சப்கிளாஸ் ஆப்ஜெக்ட்) கொடுக்கும் இடத்தில் கெட்கிளாஸ் வேறு கிளாஸ் என்று சொல்லி, ஒரே டேட்டாபேஸ் வரியை இரண்டாக்கிவிடும். அங்கே இன்ஸ்டன்ஸ்ஆஃபே நல்லது. கூடவே, எதிர் ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டை நேராகத் தொடாமல் கெட்டர் வழியாக எடுங்கள். ப்ராக்ஸியின் ஃபீல்டில் நல் (null) தான் இருக்கும்.

அறிகுறி: செட்டில் எண்ணிக்கை குறைகிறது, அல்லது கூடுகிறது

மதிப்பெண் வாரியாக அடுக்க மாணவர்களை ட்ரீசெட்டில் (வரிசைப்படுத்தியே வைக்கும் செட்) போட்டீர்கள். 40 பேர் போனார்கள், 31 பேர்தான் இருக்கிறார்கள். ட்ரீசெட் ஈக்வல்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கம்பேர்டூ 0 என்று சொன்னால் அதற்கு இருவரும் ஒருவரே; ஒரே மதிப்பெண் வாங்கியவர்களில் முதலில் வந்தவர் மட்டும் தங்குவார். மதிப்பெண் சமமானால் வரிசை எண்ணை ஒப்பிடு என்று கம்பரேட்டரில் சேர்த்துவிடுங்கள்.

கூடுவதற்கு உதாரணம், தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் கிளாஸ். 2.0, 2.00 இரண்டும் அதன் ஈக்வல்ஸுக்கு வெவ்வேறு, ஏனென்றால் புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதையும் அது பார்க்கிறது. கம்பேர்டூவுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே ஹேஷ்செட்டில் இரண்டு, ட்ரீசெட்டில் ஒன்று. பணக் கணக்கு டெஸ்டுகளில் கம்பேர்டூ 0 தருகிறதா என்று சோதிப்பது பாதுகாப்பு. ஆனால் ரசீதில் 2.00 என்றே அச்சாக வேண்டும் என்பது விதியானால் ஈக்வல்ஸே உங்களுக்குச் சரியான கருவி.

சுருக்கமாகச் சில

0.1 உடன் 0.2 கூட்டினால் 0.30000000000000004 வரும். டபுள் ஒப்பிடும்போது அசர்ட்ஈக்வல்ஸுக்கு மூன்றாவதாக அனுமதிக்கும் வித்தியாசத்தைக் கொடுங்கள். நேன் (NaN, எண்ணல்லாத மதிப்பு) == வைத்தால் தனக்கே சமமாகாது, டபுள் ஆப்ஜெக்ட்டின் ஈக்வல்ஸில் சமமாகும்; 0.0, −0.0 விஷயத்தில் இது அப்படியே தலைகீழ்.

அரேயின் ஈக்வல்ஸ் வெறும் == தான். அசர்ட்அரேஈக்வல்ஸ் போடுங்கள். ரெக்கார்டுக்குள் அரே இருந்தால் ரெக்கார்டின் ஈக்வல்ஸும் அதே வலையில் விழும். லிஸ்ட் வைத்தால் பிரச்சினை இல்லை. ஸ்ட்ரிங்பில்டருக்கும் அட்டாமிக்இன்டிஜருக்கும் சொந்த ஈக்வல்ஸ் கிடையாது, மதிப்பை வெளியே எடுத்து ஒப்பிடுங்கள்.

டெஸ்ட் நெட் இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் வேறு மாதிரி என்றால் யூஆர்எல் கிளாஸைத் தேடுங்கள். அதன் ஈக்வல்ஸ் இரண்டு ஹோஸ்ட் பெயர்களின் ஐபி முகவரியையும் டிஎன்எஸ்ஸில் கேட்டு ஒப்பிடுகிறது! ஒரே ஐபியில் இருக்கும் இரண்டு தளங்கள் இதனால் சமமாகிவிடலாம். யூஆர்ஐ (URI) கிளாஸுக்கு மாறுங்கள்.

திருத்திய பிறகு எழுத வேண்டிய டெஸ்ட்

தனித்தனியாக உருவாக்கிய இரண்டு ஒத்த ஆப்ஜெக்ட், இரண்டு திசையிலும் ஈக்வல்ஸ், அவற்றின் ஹேஷ்கோடு ஒன்றா என்ற சோதனை. பிறகு ஒவ்வொரு ஃபீல்டாக மாற்றி, சமமில்லை என்று வருகிறதா. நல் கொடுத்தால் உடையாமல் ஃபால்ஸ் தருகிறதா. இதற்கு மேல் ஒன்றைச் சேர்க்க ஆசை வரும்: சமமில்லாதவற்றின் ஹேஷ்கோடு வேறாக இருக்க வேண்டும் என்று. அதை எழுதாதீர்கள், ஜாவா அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை. "எழ", "ஏக" என்ற இரண்டு ஸ்ட்ரிங்கின் ஹேஷ்கோடையும் அச்சிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 94694. முதல் எழுத்துகள் யூனிகோடில் அடுத்தடுத்து இருக்கின்றன, ழவுக்கும் கவுக்கும் 31 இடம் தூரம். ஸ்ட்ரிங் ஹேஷ் 31ஆல் பெருக்கிக் கூட்டுவதால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது.

கையால் இவ்வளவும் எழுத அலுப்பாக இருந்தால் ஈக்வல்ஸ்வெரிஃபையர் லைப்ரரி ஒரே வரியில் கிளாஸைக் கொடுத்தால் எல்லாவற்றையும் சோதித்துவிடும். முதல் முறை ஓட்டினால் அது கத்தும்: ஃபீல்ட் ஃபைனல் இல்லை, சப்கிளாஸ் வந்தால் உடையும் என்று. இந்த எச்சரிக்கைகளை அடக்கிவைக்க வழி கொடுத்திருக்கிறார்கள், பலரும் கண்ணை மூடிக்கொண்டு அடக்கிவிடுகிறார்கள். ஃபைனல் எச்சரிக்கையை அடக்கும் முன்னால், அந்தக் கிளாஸ் எங்காவது ஹேஷ்செட்டிலோ மேப்பின் சாவியாகவோ போகிறதா என்று ஐடிஇயில் ஒருமுறை தேடிவிடுங்கள். போகவில்லை என்றால் தாராளமாக அடக்கலாம்.